‘கதவைத் திற’: திறப்பது யார்?

இந்த முறை வந்த கேள்விகளைப் பிரித்து அடுக்கினேன். எட்டில் ஏழு ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன: ஆங்கிலக் கட்டளை வாக்கியத்துக்கு எழுவாய் எங்கே? சரி, இந்த இதழை அதற்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மிச்சமிருந்த ஒன்று கமா பற்றியது. இழுத்துப் பிடித்தால் அதுவும் இதற்குள் வந்துவிடுகிறது.

கேள்வி: டீச்சர், ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் ‘ஓபன் த டோர்’ வாக்கியத்தில் சப்ஜெக்ட் எது என்று கேட்டிருக்கிறார்கள். ‘சப்ஜெக்ட் இல்லை’ என்று எழுதினாள். அதை அடித்துவிட்டு ‘யூ’ என்று சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிட்டார்கள். வாக்கியத்திலேயே இல்லாத சொல் எப்படி எழுவாயாகும் என்று என்னோடு சண்டை போடுகிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

உங்கள் மகள் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் வயதில் இதே மாதிரி ஒரு கேள்விக்கு நான் ‘டோர்’ என்று எழுதினேன். கண்ணில் பட்ட ஒரே பெயர்ச்சொல் அதுதானே! கதவு திறக்கிற ஆள் இல்லை, திறக்கப்படுகிற பொருள் என்பது அன்று உறைக்கவில்லை.

அவளுடைய தமிழ்ப் பாடத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. ‘படித்தாய்’ என்றால் யார் படித்தது? நீ. வாக்கியத்தில் ‘நீ’ இல்லை, ஆனாலும் இருக்கிறது. இதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். மறைந்திருக்கும், தெரியாமல் போகாது. ‘ஆய்’ என்ற விகுதி காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் உங்கள் மகள் கெட்டிக்காரி என்பதால் அடுத்த கேள்வியைக் கேட்பாள்: “ஆங்கில ‘ஓபன்’ல அப்படி விகுதி எதுவும் இல்லையே, எதை வச்சு ‘யூ’ன்னு சொல்றீங்க?” நியாயமான கேள்வி. ‘கேட்பவரிடம்தானே சொல்கிறோம், அதனால் யூ’ என்று பல வகுப்புகளில் முடித்துவிடுவார்கள். நானும் பதினொரு வருடம் அப்படித்தான் முடித்தேன். அது ஊகம், சாட்சி இல்லை. சாட்சி வாக்கியத்துக்குள்ளேயே கிடைக்கும். ஒளிந்திருக்கும் ஆள் தன் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்.

‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ என்கிறோம். ‘ஹெல்ப் ஹிம்செல்ஃப்’ என்று யாரும் ஏவுவதில்லை, ‘ஹெல்ப் மைசெல்ஃப்’ என்றும் இல்லை. ‘செல்ஃப்’ என்று முடியும் சொற்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஐ இருந்தால் மைசெல்ஃப், ஹீ இருந்தால் ஹிம்செல்ஃப், யூ இருந்தால் யுவர்செல்ஃப். எழுவாய்க்கு ஒத்துப்போகாமல் அவை வராது. கட்டளையில் ‘யுவர்செல்ஃப்’ மட்டும் பொருந்துகிறதென்றால் கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் ‘யூ’ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு இதைவிடப் பிடித்த சாட்சி மூச்சு. மூச்சைப் பிடித்துக்கொள் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஹோல்ட் யுவர் ப்ரெத்’. அடுத்தவர் மூச்சை நாம் பிடித்துவைக்க முடியாது. அதனால் நான் பிடித்தால் ‘மை ப்ரெத்’, அவன் பிடித்தால் ‘ஹிஸ் ப்ரெத்’ என்றுதான் அந்தத் தொடர் வரும். ஏவும்போது ‘யுவர்’ மட்டும்தான் ஒட்டுகிறது. மூச்சுக்குச் சொந்தக்காரர் யாரோ அவர்தான் எழுவாய்.

இன்னொன்றும் இருக்கிறது. ‘ஓபன் த டோர், வில் யூ?’ என்று வால் போல ஒரு கேள்வியை ஒட்டுகிறோமே, அந்த வால் தலையில் உள்ள எழுவாயைத்தான் திரும்பச் சொல்லும். ‘ஷீ இஸ் டயர்ட், இஸன்ட் ஷீ?’ என்பதில் ஷீ திரும்பி வருகிற மாதிரி. கட்டளையில் யூ திரும்பி வருகிறது. முன்னால் இல்லாத ஒன்று எப்படித் திரும்பி வரும்?

குரல் தடித்தால், அதாவது கோபம் வந்தால், அந்த யூ தானாகவே வெளியே வந்துவிடும்: ‘டோன்ட் யூ டச் இட்!’ ஆக, அது மறைக்கப்பட்ட சொல். இல்லாத சொல் இல்லை. 1611-இல் வந்த ஆங்கில விவிலியத்தில், லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், ‘கோ, அண்ட் டூ தௌ லைக்வைஸ்’ என்று ஒரு வரி உண்டு. ‘தௌ’ என்றால் அந்தக் காலத்து ‘நீ’. முதல் ஏவலில் மறைந்தும் இரண்டாவதில் வெளிப்பட்டும் இருக்கிறது, ஒரே மூச்சில்.

இன்னும் பின்னால் போனால் ஆங்கிலத்துக்கும் நம்மைப் போல விகுதி இருந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ஒருவரைப் பாடச் சொல்ல ‘சிங்’, பலரைப் பாடச் சொல்ல ‘சிங்கத்’. நம் சிங்கத்துக்கும் இதற்கும் உறவில்லை. நம் பழைய தமிழில் ஒருவருக்கு ‘வா’, பலருக்கு ‘வம்மின்’ என்று இருந்த மாதிரிதான். நாம் ‘மின்’னைக் கழற்றிவிட்டு ‘வாருங்கள்’ என்று புது விகுதி மாட்டிக்கொண்டோம். ஆங்கிலம் கழற்றியதோடு நின்றுவிட்டது.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: ‘சப்ஜெக்ட் எழுதப்படவில்லை’ என்று நீ எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ‘இல்லை’ என்று எழுதியதால் பாதி.

கேள்வி: மறைந்திருப்பது ‘யூ’ என்றால் ‘ஆர் கேர்ஃபுல்’ என்றுதானே வர வேண்டும்? ஏன் ‘பி கேர்ஃபுல்’?

நல்ல பிடி. யூ இருப்பதால் அது ‘யூ ஆர்’ வாக்கியம் ஆகிவிடாது. கட்டளையில் வினை எந்தக் காலமும் ஏறாத வெறும் வடிவத்தில் நிற்கும். ‘கோ’, ‘சிட்’ போன்ற வினைகளில் நிகழ்காலமும் வெறும் வடிவமும் ஒரே முகமாக இருப்பதால் இது தெரிவதில்லை. ‘பி’ ஒன்றுதான் குட்டை உடைக்கிறது. எதிர்மறையிலும் பாருங்கள். ‘யூ ஆர்ன்ட் லேட்’ என்பது செய்தி, ‘டோன்ட் பி லேட்’ என்பது கட்டளை. ‘பி’யோடு ‘டூ’ சேர்வது மற்ற இடங்களில் அநேகமாக நடக்காத கல்யாணம்.

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசும் வேலை என்னுடையது. மரியாதைக்காக ‘யூ சிட்’, ‘யூ கம் திஸ் வே’ என்று யூ சேர்த்துச் சொல்வேன். அது கடுமையாக ஒலிக்கிறது என்று மேலதிகாரி சொல்கிறார். ‘சிட்’ என்று மொட்டையாகச் சொல்வதுதானே கடுமை?

உங்கள் மேலதிகாரி சொல்வது சரி. வருத்தப்படாதீர்கள், இதில் நானும் விழுந்திருக்கிறேன். ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், பள்ளியைப் பார்வையிட வந்த ஓர் ஆங்கில அம்மையாரிடம் மிகுந்த பணிவோடு ‘மேடம், யூ சிட் ஹியர்’ என்றேன். அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால், நான் பணித்ததற்குக் கீழ்ப்படிந்த மாதிரி இருந்தது.

நம் மொழியில் நடப்பதை அப்படியே தூக்கிக்கொண்டு போவதால் வரும் கோளாறு இது. ‘நீங்க உட்காருங்க’ என்றால் தமிழில் அது ‘உட்காருங்க’ என்பதைவிட ஒரு படி அதிக உபசாரம். அந்த ‘நீங்க’ அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போகிறது. ஆங்கிலத்தில் கட்டளைக்கு முன் யூ வந்தால் வேலை வேறு. ஒன்று, அது ஆளைப் பிரித்துக் காட்டும்: ‘யூ வாஷ், ஐ வில் டிரை’, நீ கழுவு, நான் துடைக்கிறேன். இல்லையென்றால் அது விரலை நீட்டும்: ‘யூ கம் ஹியர்!’ தப்பு செய்த பிள்ளையிடம் சொல்வது அது. மறைந்திருப்பதுதான் அங்கே இயல்பு. அதை வெளியே கொண்டுவர ஒரு காரணம் இருக்க வேண்டும், கேட்பவர் அந்தக் காரணத்தைத் தேடுவார். பிரித்துக் காட்ட இன்னொரு ஆள் இல்லையென்றால், திட்டுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

மொட்டையாகச் சொல்வதும் எப்போதும் கடுமையில்லை. ‘கம் இன்’, ‘சிட் டௌன்’, ‘டேக் யுவர் டைம்’ எல்லாம் அன்பானவை, ஏனென்றால் செய்தால் லாபம் கேட்பவருக்கு. லாபம் உங்களுக்கு என்றால், ஃபைலை எடுத்து வரச் சொல்வது மாதிரி, அப்போது கட்டளையையே விட்டுவிட்டுக் ‘குட் யூ’ என்று கேள்வியாக்குங்கள். ‘ப்ளீஸ்’ தூவிவிட்டால் போதும் என்பது பாதி உண்மைதான். ‘யூ ப்ளீஸ் சிட்’ என்பதை எந்தச் சர்க்கரையாலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: ‘சம்படி ஓபன் த டோர்’ என்று ஓர் உரையாடலில் படித்தேன். ‘சம்படி’ ஒருமை ஆயிற்றே, ‘ஓபன்ஸ்’ என்று வர வேண்டாமா? அச்சுப் பிழையா?

பிழையில்லை. ‘சம்படி ஓபன்ஸ் த டோர்’ என்றால் யாரோ திறக்கிறார் என்ற செய்தி. ‘எஸ்’ போய்விட்டால் யாராவது திறங்களேன் என்ற ஏவல். ஓர் எழுத்தில் செய்தி கட்டளையாகிறது.

இங்கே எழுவாய் மறைந்திருக்கவில்லை, ‘சம்படி’யே எழுவாய். ‘எவ்ரிபடி சிட் டௌன்’, ‘நோபடி மூவ்’ எல்லாம் இந்தக் குடும்பம். ஆனாலும் இவை எதிரே நிற்கிறவர்களைப் பார்த்துச் சொல்வதுதான். ‘எவ்ரிபடி ரெய்ஸ் யுவர் ஹேண்ட்’ என்று ‘யுவர்’ வருவதைக் கவனியுங்கள். படர்க்கைச் சட்டை போட்ட முன்னிலை என்று வைத்துக்கொள்ளலாம். ‘யாராவது கதவைத் திறங்க’ என்று நாம் சொல்லும்போதும் ‘யாராவது’ படர்க்கை, ‘திறங்க’ முன்னிலை. நமக்கு இது புதிதில்லை.

ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு ஏவும்போது நடுவில் கமா எதற்கு என்று கேட்டிருந்த வாசகருக்கும் இங்கேயே: ‘டாக்டர், சிட் டௌன்’ என்பதில் டாக்டர் எழுவாய் இல்லை, விளி. ‘டாக்டரே’ என்று கூப்பிட்டுவிட்டு அப்புறம் ஏவுகிறோம். எழுவாய் இங்கும் ஒளிந்திருக்கும் யூதான். கமா இருப்பது அந்த இரண்டு வேலைகளையும் பிரிக்கத்தான், அதை விடாதீர்கள். ‘சம்படி’க்குப் பின்னால் கமா போடவும் போடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் ‘தேங்க் யூ’வும் கட்டளையா? வினையில் தொடங்குகிறது, எழுவாய் இல்லை.

வேடிக்கைக்குக் கேட்டீர்களோ என்னவோ, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எழுவாய் தொலைந்த வாக்கியமெல்லாம் கட்டளை ஆகாது. ‘தேங்க் யூ’வில் ஒளிந்திருப்பது ‘ஐ’. நான் உங்களுக்கு நன்றி சொல்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற ‘யூ’ நன்றியை வாங்கிக்கொள்பவர். மேலே சொன்ன சோதனையைப் போட்டுப் பாருங்கள். கட்டளையாக இருந்தால் யூ தன்னையே நன்றி பாராட்ட வேண்டும், ‘தேங்க் யுவர்செல்ஃப்’ என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை.

‘சீ யூ’ என்பதும் நான் உன்னைப் பார்க்கிறேன் என்பதே. ‘சர்வ்ஸ் யூ ரைட்’டில் தொலைந்தது ‘இட்’. வினையின் வாலில் ‘எஸ்’ இருப்பதால் அங்கே ஐயும் யூவும் இருக்க முடியாது. மொட்டை வினையைப் பார்த்தவுடனே யூ என்று எழுதிவிடும் பிள்ளைகளுக்கு இந்த மூன்றையும் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ‘லெட்ஸ் கோ’, ‘காட் ப்ளெஸ் யூ’: இவற்றில் எழுவாய்?

‘லெட்ஸ்’ என்பது ‘லெட் அஸ்’ சுருங்கியது. ஆதியில் ‘நீ எங்களைப் போகவிடு’. இன்று அந்த ‘நீ’ செத்துப்போய் ‘நாம் போகலாம்’ ஆகிவிட்டது. வாலைத் தூக்கிப் பாருங்கள், ‘லெட்ஸ் கோ, ஷல் வீ?’ என்று ‘வீ’ வருகிறது. சுருக்காமல் ‘லெட் அஸ் கோ!’ என்று பிணைக்கைதி கத்தினால் பழைய ‘நீ’ உயிரோடு திரும்பிவிடும். இரண்டாவதில் எழுவாய் ‘காட்’. ‘ப்ளெஸஸ்’ என்று எஸ் ஏறாததைப் பார்த்துக் கட்டளை என்று மயங்க வேண்டாம், கடவுளை யாரும் ஏவவில்லை. நம் ‘வாழ்க’, ‘வருக’ போல வியங்கோள் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கேள்வி: மென்பொருள் எழுதப் பழகுகிறேன். செய்த மாற்றத்தைக் குறித்து வைக்கும்போது ‘ஃபிக்ஸ்ட் பக்’ என்று எழுதினால், ‘ஃபிக்ஸ் பக்’ என்று கட்டளையாக எழுதச் சொல்கிறார்கள். சரிசெய்தது நான். முடிந்துபோன வேலைக்கு எதற்குக் கட்டளை? யாருக்குக் கட்டளை?

உங்களுக்கு இல்லை, நிரலுக்கு! நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்க 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய ‘கிட்’ என்ற மென்பொருள் திட்டத்தின் வழிகாட்டிக் குறிப்பிலேயே இது இருக்கிறது. நிரல் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும்படி நீங்கள் அதற்கு உத்தரவு போடுவதாக நினைத்து எழுதச் சொல்கிறார்கள். நீங்கள் எழுதிவைப்பது நாட்குறிப்பு இல்லை. இந்த மாற்றத்தை எடுத்துப் பொருத்தினால் என்ன நடக்கும் என்பதற்கான ஏவல்.

யூ ஒளிந்திருக்கிறது என்பது வரைக்கும்தான் இலக்கணம் துணைக்கு வரும். அந்த யூ யார் என்பதை வாக்கியம் சொல்லாது. திரையைப் பாருங்கள். ‘சேவ்’, ‘டெலீட்’ என்ற பொத்தான்களில் ஏவுபவர் நீங்கள், யூ இயந்திரம். அதற்குப் பக்கத்திலேயே ‘என்டர் யுவர் பாஸ்வேர்ட்’: ஏவுவது இயந்திரம், யூ நீங்கள். ‘ரிமைண்ட் மீ லேட்டர்’ என்பதில் ‘மீ’ நீங்கள், எனவே யூ மறுபடி இயந்திரம். ஒரே திரையில் இரண்டு தடவை நாற்காலி மாறிவிட்டது, ஆங்கிலம் கண்டுகொள்ளவே இல்லை. தமிழில் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. அதனால்தான் இயந்திரத்திடம் ‘சேமி’, ‘நீக்கு’ என்று ஒருமையில் சொல்கிறோம், மனிதரிடம் ‘கடவுச்சொல்லை உள்ளிடவும்’ என்கிறோம். ‘சேமியுங்கள்’ என்று பொத்தானில் எழுதினால் இயந்திரத்துக்கு மரியாதை கொடுத்தவர்கள் ஆவோம். அல்லது பயனர்தான் எதையோ சேமிக்க வேண்டும் என்று ஆகிவிடும்.

அந்த ‘உள்ளிடவும்’ பெரிய தந்திரம். ‘மூடவும்’, ‘தொடவும்’ என்பவற்றில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. ஒருவரா பலரா, பெரியவரா சின்னவரா என்று எதையும் முடிவு செய்யாமல் நழுவலாம். பள்ளியை விட்டபிறகு இருபத்திரண்டு வருடம் இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்தேன். இந்த ‘வும்’ இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே வேலையை விட்டிருப்பேன்.

ஆனால் நழுவவிடாத இடமும் வந்தது. ஒரு பெரிய இயந்திரத்தின் பக்கத் தகட்டைக் கழற்றும் முறை. ஆங்கிலத்தில் மூன்று கட்டளைகள்: ‘லிஃப்ட் த பேனல். ஹோல்ட் இட் ஸ்டெடி. ரிமூவ் த ஸ்க்ரூஸ்.’ நானும் ‘தகட்டைத் தூக்கவும். அசையாமல் பிடிக்கவும். திருகுகளைக் கழற்றவும்’ என்று வரிசையாக எழுதி அனுப்பிவிட்டேன். நான்கு மாதம் கழித்து ஒரு தொழில்நுட்பப் பணியாளர் ஃபோன் செய்தார். “அம்மா, தூக்கிட்டேன், பிடிச்சுட்டேன். எனக்கு ரெண்டு கைதான். ஸ்க்ரூவை எதால கழட்டறது?”

மூலத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில், பொடி எழுத்தில், இந்த வேலைக்கு இருவர் வேண்டும் என்று இருந்தது. முதல் இரண்டு யூ ஓர் ஆள், மூன்றாவது யூ வேறொரு ஆள். ஆங்கிலத்தில் எழுதியவருக்கு அது சொல்லாமலே தெரிந்திருக்கிறது, என் ‘வும்’ அதை அப்படியே மூடிவிட்டது. ‘ஒருவர் தகட்டைத் தூக்கி அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் திருகுகளைக் கழற்றவும்’ என்று மாற்றி அவருக்கு ஃபோனிலேயே படித்துக் காட்டினேன்.

“சரிம்மா,” என்றார். “அந்த மத்தவரை அனுப்பச் சொல்லி இப்ப ஆபீசுக்கு யார் எழுதறது, நீங்களா நானா?”